கிரீப்ஸ்டர்: பல அக்டோபர்களாக என்னோடு இருக்கும் பேய் எழுத்துரு

ஹாலோவீன் அழைப்பிதழ், குழந்தைகள் விருந்துக்கான பேனர், பேய்க்கதைப் போட்டிக்கான போஸ்டர் என்று எது வந்தாலும் நான் முதலில் எடுப்பது கிரீப்ஸ்டரைத்தான். சைட்ஷோ என்ற எழுத்துரு நிறுவனம் உருவாக்கிய இந்த எழுத்துரு கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்பதால் வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

இதில் எனக்குப் பிடித்ததே இதன் குறும்புதான். ஓரங்கள் கிழிந்து கூர்கூராக நின்றாலும் எழுத்தின் உடம்பு தடிமனாக இருக்கிறது, தூரத்தில் இருந்தே படித்துவிடலாம். அதே இடத்தில் கிடைக்கும் நோசிஃபர் என்ற எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் ரத்தம் சொட்டும், இடத்தையும் நிறைய அடைத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கான திகில் நிகழ்ச்சி என்றால் சரி. சின்னப் பிள்ளைகளின் விருந்துக்கு ரத்தம் எதற்கு?

தலைப்பில் இரண்டு மூன்று சொற்கள் வரை இதன் அழகு நிற்கும். நேரம், இடம் போன்ற விவரங்களை இதிலேயே அடித்தால் கண் வலிக்கும். அவற்றுக்கு அலங்காரம் இல்லாத எழுத்துரு போதும். 24 பிக்சலுக்குக் கீழே போனால் அந்தக் கிழிசல்கள் அச்சுக் கறை போலத் தெரிய ஆரம்பிக்கின்றன. இன்னொன்று, இதில் ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. போல்டு பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானாகவே எழுத்தை ஊதிப் பெருக்கும், கூர்முனைகள் மழுங்கிவிடும். பெரிதாகத் தெரிய வேண்டுமா, அளவைக் கூட்டுங்கள்.

அடுத்தடுத்து ஒரே எழுத்து வரும்போது இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் கையால் வரைந்த உணர்வு போய்விடுகிறது. அங்கே வரைகலை மென்பொருளில் எழுத்துகளைத் திருத்தக்கூடிய வடிவங்களாக மாற்றி, ஒன்றைக் கொஞ்சம் சாய்த்துக் கீழே இறக்கிவிடுவேன். அந்தச் சின்ன வேலைக்கே தலைப்பு உயிர் பெற்றுவிடும்.

தமிழ் எழுத்துகள் இதில் இல்லை என்பதுதான் எனக்கு உண்மையான குறை. தமிழில் அடித்தால் கணினி வேறொரு எழுத்துருவைக் கொண்டுவந்து ஒட்டும், தலைப்பு இரண்டு துண்டாகத் தெரியும். நான் பலூ தம்பி 2 என்ற தமிழ் எழுத்துருவை அதன் அதிகபட்சத் தடிமனில் எடுத்துக்கொள்கிறேன். உருண்டையான எழுத்துதான், ஆனால் அந்தக் குறும்பு இதிலும் இருக்கிறது. அதையும் வடிவங்களாக மாற்றி, கோடுகளின் முனைகளில் மட்டும் சின்னச் சின்ன வெட்டுகள் போடுவேன். ‘பேய்’ என்ற சொல்லே நல்ல வாய்ப்பு: யகரத்தின் மேல் இருக்கும் புள்ளியை முழித்துப் பார்க்கும் கண்ணாக மாற்றலாம், கொம்பின் சுழியை வாலாக நீட்டலாம். புள்ளியை மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாக்காதீர்கள், வாசிப்பு தடுமாறும். முழு எழுத்துருவாகவே தமிழில் இப்படி ஒன்றை யாராவது செய்தால் நான் காசு கொடுத்தே வாங்குவேன்.

ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புகிறவர்கள் முதலில் வடிவத்தின் ஓரக் கோட்டைத் தீர்மானிக்கும் புள்ளிகளை (ஆங்கர் பாயின்ட்) குறைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய முனைகள் தாளை உரிக்கும்போது பிய்ந்து வரும்.