ஆல்பமும் பாக்கியும்: சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சமரச அமர்வு, ஒரு கல்யாண போட்டோகிராபரின் பார்வையில்

கல்யாணப் படப்பிடிப்பில் வாடிக்கையாளரோடு கணக்குத் தகராறு வந்தால் நம் தொழிலில் பெரும்பாலானோர் செய்வது, பாக்கி கைக்கு வரும்வரை ஆல்பத்தைக் கொடுக்காமல் ஸ்டுடியோ அலமாரியிலேயே வைத்திருப்பதுதான். பதினான்கு ஆண்டுகளாக நானும் அதையே செய்துவந்தேன். சென்ற ஆண்டு முதன்முறையாக, 40,000 ரூபாய் பாக்கிக்காக, எங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு ஒன்றைக் கொடுத்து, மூன்று அமர்வுகளில் விவகாரத்தை முடித்துக்கொண்டேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதும் மதிப்பீடு இது.

தகராறு சிறியதுதான். மொத்தத் தொகை 1,40,000 ரூபாய். அட்வான்ஸாக 50,000, முகூர்த்தத்தன்று 50,000, மீதி ஆல்பம் கொடுக்கும்போது என்று பேச்சு. ஆர்டர் படிவத்தில் ஆல்பம் 40 ஷீட் என்று எழுதியிருந்தது. மணமகன் வீட்டார் படங்களைத் தேர்ந்தெடுக்கவே ஐந்து மாதம் எடுத்துக்கொண்டு, கடைசியில் 58 ஷீட்டுக்கு வரும் அளவுக்குக் குறித்து அனுப்பினார்கள். கூடுதல் ஷீட்டுக்குத் தனிக் கட்டணம் என்று தொலைபேசியில் நான் சொன்னது உண்மை. அதைப் படிவத்தில் எழுதாமல் விட்டதும் உண்மை. தாய்மாமன் மாலை போடும் படத்தில் மாமாவின் முகம் சரியாக விழவில்லை என்றும், எடுத்த ரா ஃபைல் (கேமராவில் பதிவான, திருத்தாத மூலக் கோப்பு) அனைத்தும் வேண்டும் என்றும், இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவோம் என்றும் அவர்கள் சொன்னபோது, அதுவரை இருந்த உறவும் முறிந்தது.

அந்த எச்சரிக்கையை வெறும் வாய்ப்பேச்சு என்று ஒதுக்க முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அது வாடிக்கையாளருக்குத் திறந்திருக்கும் கதவு. பாக்கி கேட்டு நாம் அங்கே போக முடியாது. காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். உரிமையியல் வழக்குப் போடலாம் என்றால், 40,000 ரூபாய்க்காக வக்கீல் வைத்து ஆண்டுக்கணக்கில் அலைவதற்குப் பதிலாக அந்தப் பணத்தை மறந்துவிடுவதே லாபம்.

சட்டப்பணிகள் ஆணைக்குழு என்றதும் ஏழைகளுக்கு இலவச வக்கீல் தரும் இடம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். இலவச வக்கீலுக்குத்தான் வருமான வரம்பு முதலிய தகுதிகள் உண்டு. சமரசத்துக்கு மனுக் கொடுக்க யாருக்கும் தடையில்லை, கட்டணமும் இல்லை. வெள்ளைத்தாளில் இரு தரப்பு முகவரிகளையும் கேட்கும் தொகையையும் எழுதி, ஆர்டர் படிவத்தின் நகல், யுபிஐ வரவுச் சான்றுகள், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தேன். முன்னறையில் இருந்த சட்டத் தன்னார்வலர் என் மூன்று பக்கப் புலம்பலை ஒரு பக்கமாகச் சுருக்கிக் கொடுத்தார். அந்த உதவிக்கே தனியாக மதிப்பெண் கொடுக்கலாம். நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் செய்தியைச் சான்றாக வைக்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி தனிச் சான்றிதழ் வேண்டும். இங்கே அந்தக் கெடுபிடி இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் போதும்.

முதல் அமர்வுக்கு எதிர்த்தரப்பு வரவில்லை. இதுதான் இந்தச் சேவையின் பெரிய பலவீனம்: அறிவிப்பு அனுப்புவார்களே தவிர, வந்தே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். இரண்டாவது அறிவிப்புக்குப் பிறகு மணமகனும் அவருடைய பெரியப்பாவும் வந்தார்கள். காலை 10.30க்கு வரச்சொன்னவர்கள் எங்களைக் கூப்பிட்டபோது மணி ஒன்றரை. குடும்பத் தகராறுகளுக்காக வந்திருந்த தம்பதிகளுக்கு நடுவே, கல்யாணம் எடுத்த நான் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

உள்ளே நடந்த உரையாடலைத்தான் இந்தச் சேவையின் உண்மையான பலன் என்பேன். "என் கேமராவில் நான் எடுத்த படங்கள், உரிமை எனக்கு" என்று நான் ஆரம்பித்தபோது, சமரசம் செய்த மூத்த வழக்கறிஞர் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச்சொன்ன புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், அவரே முதல் உரிமையாளர் என்று அவர் விளக்கினார். இத்தனை ஆண்டுகளாக வாடிக்கையாளரைக் கேட்காமலேயே அவர்கள் படங்களை என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுவந்த எனக்கு, அந்த அறையின் மின்விசிறி போதவில்லை. அதே வழக்கறிஞர் எதிர்த்தரப்பையும் விடவில்லை: 40 ஷீட் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு 58 ஷீட்டை அதே விலைக்குக் கேட்பது எந்த நியாயம் என்று பெரியப்பாவிடமே கேட்டார். முகம் விழாத படத்துக்கு வீடியோவிலிருந்து ஒரு பிரேமை எடுத்துச் சரிசெய்து தர முடியுமா என்று மணமகன் தயங்கிக் கேட்டபோது பாதி இறுக்கம் தளர்ந்தது.

மூன்றாவது அமர்வில் முடிவு எழுதப்பட்டது: 50 ஷீட் ஆல்பம், பாக்கியில் 34,000 ரூபாய், தேர்ந்தெடுத்த படங்களின் முழு அளவுக் கோப்புகள், ரா ஃபைல் இல்லை, முப்பது நாள் கெடு. அதே ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்ற (லோக் அதாலத்) அமர்வில் இரு தரப்பும் கையெழுத்திட்டதும் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமாகிறது, மேல்முறையீடும் கிடையாது. பணம் வராவிட்டால் புதிதாக வழக்குப் போடாமல் நேராக நிறைவேற்று மனுப் போடலாம் என்ற அந்த ஒரு வரிக்காகவே, வாய்ப்பேச்சில் முடியும் ஊர்ப் பஞ்சாயத்தைவிட இதை நான் மேலாகக் கருதுகிறேன். 6,000 ரூபாய் விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. படிவத்தில் எழுதாமல் விட்ட ஒரு வரியின் விலை அது.

வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்தாலோ, பேசவே மறுப்பவராக இருந்தாலோ இந்த வழி பயன்படாது. அப்போது வக்கீல் நோட்டீஸ்தான் கதி. ஒப்பந்தமே எழுதாமல் வேலை செய்தவர்களுக்கும் சமரசம் செய்பவரால் அதிகம் உதவ முடியாது. கூப்பிடும் நேரத்தை ஓரளவு முன்கூட்டிச் சொன்னால் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், இப்போதைக்கு நான்கு. அமர்வுத் தேதியை நம் வசதிக்குக் கேட்டு வாங்குவது கடினம். என் இரண்டாவது அமர்வு ஆவணி முகூர்த்த நாளில் விழுந்ததால், அன்றைய வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. மனுக் கொடுக்க எண்ணுபவர்கள் ஆனி கடைசியில் கொடுத்தால், அமர்வுகள் ஆடி மாதத்துக்குள் வர வாய்ப்பு அதிகம்.