எட்டு ட்யூனிங் ஃபோர்க் செட், மூணு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

பொண்ணு எட்டாவது படிக்கிறா. ஒலி பாடம் வந்தப்ப "அப்பா, பலமா அடிச்சா சுருதியும் ஏறும்தானே"ன்னு கேட்டா. இல்லம்மா ரெண்டும் வேற வேறன்னு வாயால எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவளுக்குப் பிடிபடல. நம்ம பேச்சுலயே ரெண்டும் கலந்துதான் கிடக்கு, "உச்சஸ்தாயியில கத்தாத"ன்னு சொல்றோம், அது கீச்சுன்னு கத்தாதன்னா இல்ல சத்தமா கத்தாதன்னா? அதுக்காகத்தான் இந்த செட்ட ஆன்லைன்ல வாங்குனேன்.

உள்ள எட்டு அலுமினிய ஃபோர்க் (இசைக்கவைன்னு சொல்வாங்களே, ரெண்டு காலும் பிடிக்க ஒரு காம்பும் இருக்கும்), ஒரு ரப்பர் சுத்தி, ஒரு துணிப் பை. ஒவ்வொண்ணு மேலயும் அதிர்வெண் பொறிச்சிருக்கு: 256, 288, 320, 341.3, 384, 426.6, 480, 512 ஹெர்ட்ஸ். வரிசையா அடுக்குனாலே பாதி பாடம் முடிஞ்சுது, நீளமானது 256, குட்டையானது 512, கால் நீளமா இருந்தா மெதுவா ஆடும், அதனால கட்டைக் குரல்.

256ன்னா அந்த ரெண்டு காலும் ஒரு செகண்டுக்கு 256 தடவை விரிஞ்சு சுருங்குது. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா நிக்கிற மாதிரிதான் இருக்கும். ஒரு பாசிமணிய நூல்ல கட்டித் தொங்கவிட்டு, அடிச்ச ஃபோர்க்க அது பக்கத்துல மெல்லக் கொண்டு போங்க, மணி தெறிச்சு ஓடும். மெதுவா அடிச்சா கொஞ்சமாத் தெறிக்கும், ஓங்கி அடிச்சா எங்கயோ போகும், ஆனா ரெண்டு தடவையும் கேக்குற சுருதி ஒண்ணேதான். போன்ல ட்யூனர் ஆப் வெச்சும் பார்த்தோம், எப்படி அடிச்சாலும் நம்பர் 256ஐ விட்டு நகரல. கால் எவ்வளவு தூரம் ஆடுதுங்கறது சத்தம், எத்தன தடவை ஆடுதுங்கறது சுருதி. நான் ஒரு வாரமா சொன்னது அவளுக்கு அந்த மணியப் பார்த்த அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிருச்சு. இதுக்கே இந்த செட்ட கண்ண மூடிட்டு வாங்கலாம்.

காம்ப மேஜை மேல ஊனுனா சத்தம் குப்புன்னு ஏறும். ஃபோர்க்கோட கால் ஒல்லி, அதால கொஞ்சம் காத்தத்தான் தள்ள முடியும், மேஜைப் பலகை மொத்தமும் கூட ஆடுறப்ப நிறைய காத்தத் தள்ளுது. ஆனா கவனிச்சுப் பாருங்க, மேஜை மேல வெச்சா சீக்கிரமே அடங்கிடும், கையில பிடிச்சு காதுகிட்ட வெச்சா ரொம்ப நேரம் கேக்கும். இருக்குற சக்தி அதேதான், மேஜை அத வேகமா செலவழிச்சிடுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. அடிச்ச ஃபோர்க்க காதுகிட்ட நிமித்திப் பிடிச்சு காம்ப மெதுவா உருட்டுங்க. ஒரு சுத்துக்குள்ள நாலு தடவை சத்தம் அப்படியே அமுங்கி மறுபடி வரும். காலுங்க விரியுறப்ப வெளிப்பக்கம் காத்த நெருக்குது, நடுவுல காத்துக்கு எடம் விடுது, மூலையில இந்த ரெண்டும் ஒண்ண ஒண்ணு அழிச்சிடுது. சத்தத்தோட சத்தம் சேந்து அமைதி வர்றத காதாலயே கேட்டப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

இப்ப குறை. எங்களுக்கு வந்ததுல 384 சரியில்ல. போன்ல டோன் ஜெனரேட்டர்ல (நாம குடுக்குற அதிர்வெண்ல ஒலி எழுப்புற ஆப்) 384 ஓட விட்டு பக்கத்துல ஃபோர்க்க அடிச்சா, சத்தம் செகண்டுக்கு மூணு தடவை ஏறி ஏறி இறங்குது. பாடப் புத்தகத்துல விம்மல்னு வருமே, அதேதான். அப்ப மூணு ஹெர்ட்ஸ் வித்தியாசம், ஆனா கூடவா கொறச்சலா? கால் நுனியில ஒரு ரப்பர் பேண்ட் சுத்துனோம், எடை கூடுனா ஃபோர்க் இன்னும் மெதுவா ஆடும். விம்மல் இன்னும் வேகமாச்சு, அதனால ஃபோர்க் ஏற்கனவே 381லதான் இருந்திருக்கு. நுனிய அரத்தால ராவுனா அதிர்வெண் ஏறும்தான், ஆனா புதுப் பொருள நம்ம ஏன் ராவணும், விக்கிறவங்களுக்கு எழுதுனேன், பத்து நாள்ல வேற அனுப்பிட்டாங்க. வந்த உடனே எட்டையும் ஆப்ல செக் பண்ணிடுங்க.

இன்னொண்ணு, கிடாரோ வயலினோ ட்யூன் பண்றதுக்குன்னு இத வாங்காதீங்க. இதுல A ஸ்வரத்துக்கு இருக்குறது 426.6, அதே A ஸ்வரத்துக்கு வாத்தியங்களுக்குன்னு உலகம் பூரா வெச்சிருக்குற அளவு 440. 256ல ஆரம்பிக்கிற இந்த வரிசை சயின்ஸ் லேபுக்கானது. வாத்தியத்துக்கு 440 ஃபோர்க் தனியா ஒண்ணு வாங்குனாப் போதும்.

சுத்தி தலை சின்னது, கழண்டுக்கிட்டே இருக்கு, நாங்க பழைய ரப்பர் செருப்புத் துண்டுல தட்டிக்கிறோம். இரும்புலயோ சுவத்துலயோ அடிக்காதீங்க, கால் நசுங்குனா அதிர்வெண்ணே மாறிடும், அது போக மொத அடியில கிணுகிணுன்னு ஒரு கூர்மையான சத்தம் வேற சேந்து வரும். அடிச்ச ஃபோர்க்க பல்லுலயும் மூக்குக் கண்ணாடியிலயும் வெக்க பிள்ளைங்கள விடாதீங்க, உடைஞ்சிடும். காதுக்குப் பின்னாடி எலும்புல காம்ப வெச்சா எலும்பு வழியாவே கேக்கும், அது பயமில்ல, காது டாக்டருங்களே இந்த 512தான் அப்படி வெச்சுப் பாக்குறாங்க.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன், அந்த ஒண்ணு 384க்காக. பைக்குள்ள ஒண்ணோட ஒண்ணு உரசாம துணி சுத்தி வெச்சுக்கோங்க.