ஜூஹூவா, ஆக்சாவா: பிள்ளைகளைக் கடலில் இறக்குவதற்கு முன்

மே மாதம் ஊரிலிருந்து அக்கா குடும்பம் மும்பை தாராவிக்கு வந்து இறங்கினால், பிள்ளைகள் பையை வைப்பதற்குள் "மாமா, கடலுக்கு எப்போ?" என்பார்கள். இரண்டு வருடம் ஆக்சா கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். இப்போது ஜூஹூ கடற்கரைதான்.

தூரம், கூட்டம், தின்பண்டம் பற்றியெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜூஹூ கிட்டவே இருக்கிறது, ஆக்சாவுக்கு மாலாட் போய், அங்கிருந்து மட் தீவுக்குப் போகிற பஸ் பிடிக்க வேண்டும். கூட்டமும் குப்பையும் ஜூஹூவில் அதிகம், தண்ணீரும் கலங்கல். அழகு என்று பார்த்தால் ஆக்சாதான்.

ஆனால் காலுக்குக் கீழே இருக்கும் தரை வேறு. ஜூஹூவில் மணல் பெரும்பாலும் சீராகச் சரிகிறது. இடுப்பளவு வர நிறைய தூரம் நடக்க வேண்டும். ஆக்சாவில் அப்படி நம்ப முடியாது. மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், போன வாரம் மேடாக இருந்தது இந்த வாரம் குழி. அங்கே எத்தனையோ பேர் மூழ்கிப் போயிருக்கிறார்கள்.

அக்கா மகனுக்கு அப்போது 12 வயது. என் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றவன், அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்த இடம் பார்த்து நாலு எட்டு தள்ளிப் போனான். அடுத்த அடியில் தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. எட்டிப் பிடித்தேன். என் குதிகாலுக்கு அடியிலும் மணல் கரைந்து ஓடியது. லைஃப் கார்டு விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்து ட்யூபை வீசினார், இரண்டு பேரும் கரையேறினோம். அத்தான் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

அந்த அமைதியான இடம்தான் இழுப்பு. கரையில் மோதிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது, அங்கே ஆழம் அதிகம், அதனால் அலை உடைவதில்லை. அதில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. கரையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டட்டும். கரையில் நிற்பவர்கள் குதிக்காமல் மிதக்கும் எதையாவது வீசட்டும்.

இதற்கு மேல் நம்மூர்க்காரர்கள் கோட்டைவிடும் ஒன்று உண்டு: ஏற்றமும் வற்றமும். மெரினாவிலோ திருச்செந்தூரிலோ பழகியவர்களுக்குக் கடல்மட்டம் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே அதிகம். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலரை, ஐந்து மீட்டர் வரை வித்தியாசம் வரும். அந்த நாட்களில் ஏற்றம் நண்பகலை ஒட்டி வருகிறது. அப்படியென்றால் நாம் குடும்பத்தோடு போய் நிற்கிற சாயங்காலம், தண்ணீர் கடலுக்குள் வேகமாக வடிகிற நேரம். இழுப்பு வலுப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ஆக, இந்த ஞாயிறு மாலை வற்றம் என்றால் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் ஏற்றத்துக்குப் பக்கம். அது பாதி நிலா வாரம், ஏற்ற இறக்கமும் குறைவு. கோலிவாடா என்கிற மீனவர் குடியிருப்புகளில் ஏற்றத்தைப் பர்தி, வற்றத்தை ஓஹோட்டி என்பார்கள். அங்குள்ள மீனவர்களைக் கேட்டாலே நேரம் சொல்லிவிடுவார்கள்.

ஜூஹூவில் பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் நேரத்தில் அங்கேயும் சிறுவர்கள் மூழ்கி இறந்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு இடத்திலும் காலை நனைக்கக்கூட நான் விடுவதில்லை. ஆகஸ்டில் நீலநிறக் குமிழி போல ஒரு கடல் உயிரி கரை ஒதுங்கும், 2018-ல் நிறைய பேரைக் கொட்டியது. செத்துக் கிடந்தாலும் கொட்டும், தொட வேண்டாம்.

கோராய் கடற்கரை நல்லது என்கிறார்கள். நான் போனது ஒரே தடவை, அதுவும் தண்ணீரில் இறங்கவில்லை, அதனால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த மே மாதமும் பிள்ளைகள் வருகிறார்கள். காலண்டரில் பாதி நிலாவை ஒட்டிய இரண்டு ஞாயிறுகளைச் சுழித்து வைத்திருக்கிறேன். ஜூஹூ, லைஃப் கார்டு நிற்கும் இடத்துக்கு நேராக, இடுப்பு வரைக்கும் மட்டும்.