பாப்பாவுக்காக வாங்கியவை: மூன்று வருடங்களுக்குப் பிறகு

குக்கர் வெயிட்டை இதுவரை மூன்று முறை புதிதாக வாங்கியிருக்கிறோம். தொலைந்த மூன்றில் ஒன்று என் கணவரின் ஷூவுக்குள் இருந்தது. மழைக்காலம் முடிந்து அவர் அந்த ஷூவில் காலை விட்டபோதுதான் தெரிந்தது. இன்னொன்று அரிசி டிரம்மின் அடியில், அரிசி தீர்ந்த அன்று கிடைத்தது. மூன்றாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் மகளுக்கு இப்போது மூன்று வயது நான்கு மாதம். மதுரையில் வாடகைக்கு ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். என் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். பாப்பாவுக்கு அவர் அப்பத்தா, எனக்கு அத்தை. அவள் தவழ ஆரம்பித்ததிலிருந்து அவளுக்காக வாங்கிய பொருள்கள் ஏராளம். எல்லாம் ரிவ்யூ படித்து வாங்கியவைதான். ஆனால் அந்த ரிவ்யூக்களில் பெரும்பாலானவை பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதியவை. ஒரு பொருளைக் குழந்தை முழுதாகப் புரிந்துகொள்ள ஒரு மாதமாவது வேண்டும். அதற்கப்புறம் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாராவது எழுதியிருந்தால் எங்களுக்கு நிறைய உதவியிருக்கும். அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் உறிஞ்சிப் பிடிக்கும் தட்டு. அடியில் ரப்பர் வட்டம் இருக்கும், மேசையில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், குழந்தையால் கவிழ்க்க முடியாது என்று சொன்னார்கள். எங்கள் மொசைக் தரையில் அது ஒட்டவே இல்லை. ஹை சேரின் வழவழப்பான பலகையில் பத்து நாள் நன்றாக ஒட்டியது. பதினொன்றாம் நாள், ரப்பரின் ஓரத்தில் நாம் எடுப்பதற்காக வைத்திருந்த சின்ன நாக்கைப் பாப்பா கண்டுபிடித்தாள். இரண்டு கையாலும் அதை இழுத்துக்கொண்டே இருந்தாள். படக்கென்று விட்டபோது தட்டில் இருந்த இட்லியும் சாம்பாரும் எழும்பி, சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரில் போய் விழுந்தன. அப்பத்தா ஓடி வந்து முதலில் துடைத்தது முருகனை, அப்புறம்தான் பேத்தியை. அந்தத் தட்டுக்குப் பதிலாக இன்று வரை எங்களிடம் இருப்பது விளிம்பு உயர்ந்த, கனமான எவர்சில்வர் தட்டு. கவிழ்ந்தால் கவிழட்டும், எறிந்தாலும் அதிக தூரம் போகாது.

கழுத்தில் கட்டும், முன்னால் பை வைத்த சிலிகோன் பிப் மிக நல்ல பொருள். வாயில் போகாத சோறெல்லாம் பைக்குள் விழுந்துவிடும். ரசம் சாதம் கொடுக்கும் நாளில் மட்டும், பையில் தேங்கிய ரசத்தை அவள் தலையைக் குனிந்து குடித்துவிடுவாள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, ரசம் உள்ளே போனால் சரி.

சாம்பார்க் கறை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பட்ட துணியில் சோப்பு போட்டதும் கறை சிவப்பாக மாறும். துணி பாழாகிவிட்டது என்று முதல் தடவை பயந்துபோனேன். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான். நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும். ஈரத்தோடு நேரடி வெயிலில் போட்டால் மங்கிக்கொண்டே வந்து மறைந்தும் போகும். மதுரை வெயிலுக்கு இரண்டு மதியம் போதும். இதற்கென்று நான் வாங்கிய கறை நீக்கி பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.

ஹை சேரில் உட்கார்ந்தபடி ஸ்பூனைக் கீழே போடுவது, நாம் எடுத்துக் கொடுத்தால் திரும்பப் போடுவது என்று ஒரு கட்டம் வந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டில் இருபது முறையாவது குனிந்திருப்பேன். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் பக்கத்தில் இருந்து கவனித்து எழுதியவர். ஒன்று முதல் ஒன்றரை வயது வரைக்கும் உள்ள குழந்தைகள் ஒரே செயலைச் சின்னச் சின்ன மாற்றத்தோடு செய்து பார்த்து, என்ன ஆகிறது என்று சோதிப்பதாக அவர் சொல்கிறார். அதைப் படித்த பிறகு பாப்பாவைக் கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். ஸ்பூனை ஒரு தடவை நேராகப் போட்டாள், ஒரு தடவை பக்கவாட்டில் நீட்டிப் போட்டாள், ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டாள். இதை நிறுத்த எந்தப் பொருளும் தேவையில்லை. கீழே பிளாஸ்டிக் பாய் விரித்துவிட்டேன். ஏற்கெனவே வாங்கியிருந்த, எழுத்துகள் கோத்த ஃபோம் பாய் இந்த இடத்துக்கு ஆகவில்லை. இடுக்கில் பால் இறங்கி மூன்றாம் நாள் நாற்றம் வந்தது, எழுத்துகளின் முனையை அவள் கடித்தும் எடுத்துவிட்டாள். பிளாஸ்டிக் பாயை மாடியில் கொண்டுபோய்த் தண்ணீர் அடித்தால் முடிந்தது வேலை.

கிரேயான் விஷயத்தில் வாடகை வீட்டுக்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். எமல்ஷன் அடித்த சுவர் என்றால் ஈரத்துணியில் சமையல் சோடா தொட்டு மெதுவாகத் தேய்த்தால் கிரேயான் போய்விடும். எங்கள் சுவர் டிஸ்டெம்பர். தேய்த்ததும் கிரேயானோடு சுவரின் நிறமும் வந்தது. பாப்பாவின் கை எட்டுகிற உயரம் அப்போது மூன்றடி. ஹாலில் அந்த உயரத்துக்குச் சார்ட் பேப்பர் ஒட்டினோம், மாதம் ஒரு தடவை மாற்றுகிறோம். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா ஒரு நாள் வாடகை வாங்க வந்தவர், பழைய சார்ட்டில் ஒன்றை வேண்டும் என்று கேட்டு எடுத்துப் போனார். அதில் இருந்தது அவருடைய பூனை என்று பாப்பா சொல்லியிருந்தாள். பால்பாயிண்ட் பேனாவால் ஃபிரிட்ஜில் கிறுக்கினால் கைக்குப் போடும் சானிடைசரே போதும், அதில் உள்ள ஆல்கஹால் மையைக் கரைத்துவிடும்.

தாழ்ப்பாள் பற்றி எந்தக் கடையின் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை. குழந்தை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

பாப்பாவுக்கு ஒரு வயது பத்து மாதம். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார், இவர் வேலைக்குப் போய்விட்டார். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. துணி காயப்போட நான் பால்கனிக்கு வந்தேன். பின்னாலேயே வந்தவள் கதவைச் சாத்தினாள். பிறகு கீழ்த்தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. போடத் தெரிந்திருந்தது, எடுக்கத் தெரியவில்லை.

பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. கம்பி வழியாகக் கூப்பிட்டேன். அவள் இதைக் கண்ணாமூச்சி என்று எடுத்துக்கொண்டாள். "தங்கம், அம்மா ஃபோன எடுத்துட்டு வாடா" என்றேன். ஓடிப்போய் டிவி ரிமோட்டைக் கொண்டு வந்து கம்பிக்குள் நீட்டினாள். வாங்கிக்கொண்டு, "இது இல்லம்மா, ஃபோனு" என்றேன். அடுத்து கால்குலேட்டர் வந்தது. அப்புறம் அவளுடைய பொம்மை, ஒரு வெங்காயம், அப்பத்தாவின் கண்ணாடிக் கூடு. ஒவ்வொன்றையும் வாங்கி "சமத்து" என்று சொல்லச் சொல்ல அவளுக்கு உற்சாகம் கூடியது. ஆறாவதாக ஃபோன் வந்தது. கணவர் மாற்றுச் சாவியோடு வந்து சேர இருபத்தைந்து நிமிடம். அதுவரை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவளை உட்கார வைத்துத் தெரிந்த கதையெல்லாம் சொன்னேன். கதவு திறந்தபோது கிரைண்டரில் மாவு சூடேறிக் கிடந்தது. அன்று ஊற்றிய தோசை சரியாக வரவில்லை, ஆனாலும் எல்லோரும் அதையே சாப்பிட்டோம்.

மறுநாளே கீழ்த்தாழ்ப்பாள்கள் அத்தனையும் கழற்றினோம். ஸ்க்ரூடிரைவர் ஒன்றுதான் செலவு. கதவின் மேல் விளிம்பில் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிட்டால் கதவு முழுதாகச் சாத்தாது, விரலும் நசுங்காது. மாற்றுச் சாவி ஒன்று கீழ் வீட்டில் இருக்கிறது. இந்த ஏற்பாடுகள் இன்றுவரை ஒரு நாளும் ஏமாற்றவில்லை.

பிளக் பாயிண்ட் மூடிகளுக்குப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பேன். முதலில் வந்தவை தட்டையான இரண்டு முனை கொண்டவை, நம் வட்ட ஓட்டைகளில் நுழையவே இல்லை. பிறகு வாங்கிய வட்ட முனை மூடிகளை அவள் நகத்தால் நெம்பி எடுத்துச் சொப்புச் சாமானோடு சேர்த்துவிட்டாள். உள்ளே தடுப்பு வைத்த சாக்கெட்டாக மாற்றி, மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இருக்கவில்லை, வைத்துக்கொண்டோம்.

இரண்டரை வயதில் ஒரு பொரிகடலையை மூக்கில் போட்டுக்கொண்டு வந்து, "காணோம்" என்று சொன்னாள். டாக்டரிடம் ஓடினோம். அவர் இடுக்கியை எடுக்கவில்லை. என்னையே மடியில் உட்கார வைத்துக்கொள்ளச் சொல்லி, அடைக்காத மூக்குத் துவாரத்தை விரலால் மூடச் சொல்லி, அவள் வாயோடு என் வாயை வைத்து ஒரே மூச்சாக ஊதச் சொன்னார். முத்தம் என்று நினைத்து அவளும் வாயைக் கொடுத்தாள். இரண்டாவது ஊதலில் பொரிகடலை என் கன்னத்தில் வந்து ஒட்டியது. இதற்கு 'தாய் முத்தம்' என்றே பெயர். 1965லேயே மருத்துவத்தில் பதிவான முறை, பத்தில் ஆறு பேருக்கு இதிலேயே வந்துவிடுகிறது. முதல் முறை டாக்டர் முன்னால் செய்வதுதான் நல்லது. வீட்டில் நாமே குச்சி விட்டு நோண்டினால் உள்ளே போய்விடும், தண்ணீர் விட்டால் கடலை ஊறிப் பெருத்துவிடும். பட்டன் பேட்டரி என்றால் இந்த முறையெல்லாம் கிடையாது. மூக்கானாலும் தொண்டையானாலும் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். ஸ்க்ரூ போட்டு மூடாத பேட்டரி பொம்மைகளை நான் அன்றே எடுத்துப் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் வந்த மறுநாள், ஹாலில் அபிஷேகம் நடந்தது. சாமி அவளுடைய பிளாஸ்டிக் பொம்மை. அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் முழுவதும் ஊற்றி, மேலே திருநீறு கொட்டி, எங்களுக்கெல்லாம் நெற்றியில் பூசிவிட்டாள். துடைக்கத் துடைக்கத் தரை வழுக்கியது. அத்தை என்னை விலகி நிற்கச் சொல்லி, பழைய கடலை மாவை எண்ணெய் மேல் கனமாகத் தூவினார். கால் மணி நேரம் கழித்து மாவு எண்ணெயைக் குடித்து உருண்டையாகத் திரண்டதும் கூட்டி அள்ளினார். மிச்சத்துக்குச் சீயக்காய்த் தூளும் வெந்நீரும். வழுக்கல் சுத்தமாகப் போய்விட்டது. பொம்மையைத்தான் இன்னும் எண்ணெய் வாசனையோடு கட்டிக்கொண்டு தூங்குகிறாள்.

பாட்டுப் பாடும் 'பாட்டி'க்கு, அதாவது குழந்தையைக் கழிப்பறைக்குப் பழக்க வாங்கும் சின்ன இருக்கைக்கு வருகிறேன். அடியில் ஈரம் பட்டால் பாட்டு வரும், அந்த ஆசையில் குழந்தை பழகிவிடும் என்று இருந்தது. பாப்பா மூன்று நாளில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாலும் பாடும். அதன் பிறகு வீட்டில் நாள் முழுக்கப் பாட்டு, தரை முழுக்கத் தண்ணீர். அவளைப் பழக்கியது அப்பத்தாதான். கைக்குழந்தையாக இருந்தபோதே மனைப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, பாதங்களின் மேல் அவளை உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்பார். அந்தச் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு அப்போதே பதிந்திருந்தது. இரண்டு வயதுக்கு மேல் பாத்ரூம் வாசலில் நின்று அத்தை அதே சத்தம் கொடுத்ததும் வழி பிறந்துவிட்டது. பாட்டி பரணுக்கு ஏறியது.

மூன்று வருடத்தில் வாங்கியவற்றில் எதைத் திரும்ப வாங்குவேன் என்றால், முதலில் சொல்வது ஓர் எவர்சில்வர் அன்னக்கூடை. அதில் இரண்டு கிலோ கேழ்வரகு, இரண்டு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு புனல். சமையலறையில் கீழ்த்தட்டு ஒன்றைக் காலி செய்து இதை அவளுக்கென்று வைத்தோம். நிரப்புவாள், கொட்டுவாள், திரும்ப நிரப்புவாள். ஒரு மணி நேரம் போவது தெரியாது. சிந்தினால் பாயோடு சுருட்டி அள்ளிவிடலாம். வாயில் போடும் வயதில் தனியாக விடவே கூடாது, நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவேன். அவளுக்கென்று அந்தக் கீழ்த்தட்டு வந்த பிறகு எங்கள் டப்பாக்களில் கை வைப்பது வெகுவாகக் குறைந்தது. ஷூவிலிருந்து எடுத்த பழைய வெயிட்டையும் அதிலேயே போட்டுவிட்டேன். "இது பாப்பாவோடது, அது அம்மாவோடது." அதற்குப் பிறகு அடுப்பில் உள்ள வெயிட் ஒருமுறைகூடத் தொலையவில்லை. தொலைந்தால் கிடைத்த ஏதோ ஒன்றை மாட்டிவிடாதீர்கள். உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கலாம் என்பதை அந்த எடைதான் முடிவு செய்கிறது, அந்த மாடலுக்குரியதையே வாங்குங்கள்.

போன மாதம் என் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்தது. கொடுத்து அனுப்பலாம் என்று ஹை சேர், பிப் எல்லாம் துடைத்து எடுத்து வைத்தோம். பரணிலிருந்து பாட்டியையும் இறக்கினோம். தூக்கும்போதே உள்ளே ஏதோ உருண்டது. கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் இரண்டு சட்டைப் பட்டன், காய்ந்த கறிவேப்பிலை, மூன்றாவது குக்கர் வெயிட். பாப்பா எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அது அங்கதான்மா இருக்கும்" என்றாள்.