92ஆ 95ஆ? என்ட வாகன் ஆர்ல மூண்டு வருசமா அடிச்சுப் பாத்த கதை

முதல்லயே சொல்லிடுறன், நான் மெக்கானிக் இல்ல. 2017 வாகன் ஆர் ஹைபிரிட் ஒண்டு வச்சிருக்கன், உப்புவெளியில இருந்து திருகோணமலை டவுனுக்கு தினமும் வேலைக்கு, கிழமைக்கு ரெண்டு தரம் கிண்ணியா, மாசத்துக்கு ஒருக்கா கந்தளாய் ஹபரண தம்புள்ள குருநாகல் எண்டு கொழும்பு ஓட்டம், இவ்வளவுதான். ஆனா 92 ஒக்டேன் பெற்றோலா 95 ஒக்டேன் பெற்றோலா எண்ட இந்த விசயத்தில என்ட காசும் போய் மண்டையும் காய்ஞ்சதால எழுதுறன்.

ஆரம்பிச்சது 2022ல. அந்த ஜூன் மாசக் கடைசியில 92 லீற்றர் 470 ரூபா, 95 வந்து 550. விலைய விடுங்க, சாமானே இல்ல. சீனக்குடாப் பக்கம் வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கிய வச்சுக்கொண்டு திருகோணமலை ஆக்கள் பெற்றோலுக்கு ராப்பகலா லைன்ல படுத்த கதைய பேரப்பிள்ளைக்குச் சொன்னாலும் நம்பாது. ரெண்டு ராத்திரி நிண்டு என்ட முறை வரேக்க 92 முடிஞ்சுது, 95 மட்டும்தான் இருக்கு எண்டாங்க. தண்ணி குடுத்தாலும் அடிச்சிருப்பன் அண்டைக்கு. அடிச்சிட்டு வெளிக்கிட்டா மச்சான், கார் பறக்குது! இழுவை வேற மாதிரி, சத்தம் குறைவு, அப்படியே மிதக்கிற மாதிரி. அண்டையில இருந்து நான் 95 கட்சி. QR கோட் முறை வந்து கிழமைக்கு 20 லீற்றர் எண்டு அளந்து தந்த காலத்திலயும் 95 இருக்கிற பெற்றோல் செட்டாத் தேடிப் போய் அடிச்சன், வீட்டில மனிசிட்ட பேச்சும் வாங்கினன்.

கனகாலத்துக்குப் பிறகுதான் விளங்கிச்சு, லைன்ல சும்மா நிண்ட நேரம் நாலு ரயருக்கும் கால்பம்பால காத்தடிச்சிருக்கன், பெற்றோல் மிச்சம் பிடிக்கோணும் எண்டு ஏசியும் போடாம ஓடியிருக்கன். 660 சிசி இஞ்சினுக்கு ஏசிய நிப்பாட்டினா எப்படி இருக்கும் எண்டு சின்ன இஞ்சின் வச்சிருக்கிற ஆக்களுக்குத் தெரியும். பறந்தது அதால, 95ஆல இல்ல.

இதை எனக்கு விளங்கப்படுத்தினது கன்னியாப் பக்கம் கராஜ் வச்சிருக்கிற ஒரு அண்ண. அவர் கேட்டது ஒரே கேள்வி, "தம்பி, ஒக்டேன் எண்டா என்ன எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீங்க?" நான் பவர் எண்டன். சிரிச்சார். பெற்றோலுக்குள்ள இருக்கிற பலத்தின்ட அளவில்லயாம் அது. இஞ்சினுக்குள்ள காத்தும் பெற்றோலும் சேந்து நசுக்குப்படும், பிறகு பிளக் பொறி அடிக்கும், நெருப்பு ஒரு மூலையில இருந்து மற்ற மூலைக்குப் பரவோணும். அந்த நெருப்பு வந்து சேர முதல், மற்ற மூலையில இருக்கிற மிச்சம் சூடும் அமுக்கமும் தாங்காம தானாப் பத்தினா அதுதான் நொக்கிங், தகரப்பேணிக்குள்ள சில்லறையப் போட்டு ஆட்டுற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்படித் தானாப் பத்தாமத் தாங்கிப் பிடிக்கிற குணத்துக்குத்தான் ஒக்டேன் நம்பர். ஐசோ-ஒக்டேன் எண்ட சாமானுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 எண்டு வச்சு அதோட ஒப்பிட்டு அளக்கிறது. அப்ப 92ல நொக்கிங் வராத இஞ்சினுக்கு 95 ஊத்தினா, இல்லாத காய்ச்சலுக்கு பனடோல் போட்ட மாதிரி.

பிறகு நான் தேடிப் படிச்சதில பிடிபட்ட விசயம், எங்கட ஊர்ல ஓடுற ஜப்பான் ரீகண்டிசன் காருகள் கனக்க அவங்கட நாட்டு ரெகுலர் பெற்றோலுக்குச் செய்தது. ஜப்பான் தரத்தில ரெகுலர் எண்டா 89க்குக் குறையாம இருந்தாச் சரி, ஹை-ஒக்டேன் எண்டா 96. என்ட வாகன் ஆர் ரெகுலர் ஆள். அப்ப இங்க 92 அடிக்கேக்கயே அது கேட்டதுக்கு மேல குடுக்கிறம்! யூடியூப்ல அமெரிக்காக்காரன் 87 ரெகுலர், 91, 93 பிரீமியம் எண்டு கதைக்கிறதப் பாத்து எங்கட 92 பிரீமியம் ரகம் எண்டு நினைக்காதீங்க, அவங்கட அளவு முறை வேற, ஒக்டேன ரெண்டு விதமாச் சோதிச்சு வாற ரெண்டு நம்பரையும் கூட்டி ரெண்டால பிரிக்கிறது. அவங்கட 87 கிட்டத்தட்ட எங்கட 91, 92தான். அங்கயும் இதே பைத்தியம் இருக்கு, 2016ல ஏஏஏ எண்ட அவங்கட வாகனக்காரர் சங்கம் ரெகுலர் காருக்கு பிரீமியம் ஊத்திச் சோதிச்சுப் பாத்து ஒரு பிரயோசனமும் இல்ல எண்டு சொல்லிச்சு.

எண்டாலும் மனசு கேக்கல. தம்பிட்ட காரக் குடுத்து, நீயே ராவில போய் அடி, எது எண்டு எனக்குச் சொல்லாத, பில்ல வச்சிரு எண்டன். எட்டுத் தரம் ஃபுல் டாங்க், ஒவ்வொரு தரமும் முடியிற அளவுக்கு ஓடிட்டு இது 95, இது 92 எண்டு கொப்பியில எழுதினன். கடைசியில பில்லுகள எடுத்து ஒப்பிட்டா எட்டுக்கு மூண்டுதான் சரி. காசச் சுண்டிப் போட்டிருந்தாலும் நாலு சரியா வந்திருக்கும். ஒரு டாங்க் "சந்தேகமே இல்ல 95, இழுவை தெரியுது" எண்டு கீழ கோடெல்லாம் அடிச்சு எழுதியிருக்கன், அது 92.

ஓட்டக் கணக்கும் வச்சிருந்தன். 92ல லீற்றருக்கு சராசரி 17.9 கிலோமீற்றர், 95ல 18.2. அந்த வித்தியாசம் காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டதிலயே வரும். ஆனா விலை வித்தியாசம்? 2025 ஏப்ரல்ல 92 வந்து 299, 95 வந்து 361. என்ட 27 லீற்றர் டாங்குக்கு 1674 ரூபா கூட. அதுக்கு மீன் வாங்கலாம்.

அதுக்காக 95 சும்மா ஏமாத்து எண்டு சொல்ல வரல. மச்சான் ஒருத்தன் ஜெர்மன் டர்போ கார் வச்சிருக்கிறான், பெற்றோல் மூடியத் திறந்தா உள்ளுக்கு 95 எண்டே ஒட்டியிருக்கு, அவன் கட்டாயம் அதான் அடிக்கோணும். 92 ஊத்தினா உடன வெடிக்காது, நொக் சென்சர் பிடிச்சு கொம்பியூட்டர் பொறி அடிக்கிற நேரத்தப் பின்னுக்குத் தள்ளும், அப்ப பவரும் குறையும், பெற்றோலும் கூடக் குடிக்கும், வெயிலுக்க ஏத்தம் ஏறினா இன்னும் மோசம். ஆனா கொம்பிரசன், அதாவது உள்ளுக்கு நசுக்கிற அளவு, கூடின எல்லா இஞ்சினுக்கும் 95 வேணும் எண்டும் இல்ல. மாமாட ரொயோட்டா அக்குவா காரில 13.4 கொம்பிரசன், கேட்டாலே பயமா இருக்கும், ஆனா அது அட்கின்சன் முறை, வால்வ் பிந்தி மூடி உள்ள போன காத்தில கொஞ்சத்த வெளிய விட்டுட்டுத்தான் நசுக்கும், அதால அதுவும் ரெகுலர்தான்.

இன்னொண்டு. 95ல "யூரோ 4" எண்டு போட்டிருக்கிறது கந்தகம் குறைவு எண்டதுக்கு, பத்து லட்சத்தில 50 பங்குக்கு மேல இருக்கக்கூடாது. அது நல்ல விசயம்தான், புகைக்குழாய்ல இருந்து புகையச் சுத்தமாக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டருக்கு நல்லது. ஆனா அது ஒக்டேன் இல்ல, ரெண்டையும் போட்டுக் குழப்பித்தான் "95 இஞ்சினக் கழுவும்" எண்டு செட்டில நிக்கிற பெடியன்கூடச் சொல்றான். கழுவுறது அதுக்கெண்டு கலக்கிற மருந்தின்ட வேலை. 95 அடிச்சா வால்வ் கருகும் எண்ட கதையும் அதே மாதிரிப் புரளிதான், ரெண்டையும் கலந்து அடிச்சாலும் ஒண்டும் ஆகாது.

எனக்கே ஒருக்கா 95 கைகுடுத்தது. போன வருசம் நுவரெலியா போகேக்க றம்பொட ஏத்தத்தில ஆள் அஞ்சு, ஏசி, பின்னுக்கு சாமான், கிலுகிலு எண்டு அந்தத் தகரப்பேணிச் சத்தம். திரும்பி வரேக்க 95 அடிச்சன், சத்தம் இல்ல. பாத்தியா நான் சொன்னனே எண்டு கராஜுக்குப் போய் நெஞ்ச நிமித்திக்கொண்டு நிண்டன். அண்ண ஒண்டும் பேசாம பிளக்கக் கழட்டினார், தேய்ஞ்சு போய் இருந்தது, உள்ளுக்குக் கமரா விட்டுக் காட்டினார், பிஸ்டன் தலையில கரி அடுப்படிச் சுவர் மாதிரி. டவுனுக்குள்ள குட்டி ஓட்டமா ஓடினதால வந்ததாம், கரி கூடினா அமுக்கமும் கூடும், சூடும் பிடிச்சு வைக்கும், நொக்கிங் வரும். 95 அந்தச் சத்தத்த மூடி வச்சதே தவிர கரி அப்படியேதான் இருந்தது. கரி எடுத்து பிளக் மாத்தி, 92ஓட திரும்ப அதே ஏத்தம் ஏறினன், ஆள் அஞ்சு, சத்தம் இல்ல.

இப்ப 92தான். மாமாட்ட இவ்வளவையும் கொப்பியோட கொண்டு போய்க் காட்டினன், கண்ணாடி போட்டு வடிவா வாசிச்சார், வாசிச்சு முடிச்சிட்டு, "எல்லாம் சரி தம்பி, ஆனா 95 அடிச்சாத்தான் எனக்கு நித்திரை வருது" எண்டார். அவர் இன்னும் அக்குவாவுக்கு 95தான்.