எதிர்ப்பொருளைச் செய்து கற்க: சோடியம்-22, முகில் அறை, செர்ன் தரவு – எது தேறும்?

பி.எஸ்சி. இயற்பியலில் எதிர்ப்பொருள் (சாதாரணத் துகளின் நிறையே கொண்டு, மின்னூட்டம் தலைகீழான துகள்கள்) பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடும்: 1928இல் டிராக் சமன்பாடு, 1932இல் ஆண்டர்சன் எலக்ட்ரானின் எதிர்த்துகளான, நேர் மின்னூட்டமுள்ள பாசிட்ரானைக் கண்டுபிடித்தார். அதற்கு மேல் ப்ராஜெக்ட்டாகச் செய்து பார்க்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் கைக்கு எட்டும். லேபில் இரண்டு சிண்டிலேஷன் டிடெக்டர்கள் (காமா கதிர் பட்டால் ஒளிரும் உணர்கருவிகள்) இருந்தால், பாசிட்ரானை உமிழும் கதிரியக்க சோடியம்-22ஐ எடுங்கள். லேப் கைகொடுக்காவிட்டால், ஜெனீவா அருகே உள்ள துகள் ஆய்வகமான செர்ன் வெளியிட்ட தரவு. துகள் போகும் பாதையை மெல்லிய முகில் தடமாகக் காட்டும் முகில் அறை பார்க்க அழகுதான், ஆனால் பாசிட்ரானைக் காட்ட அதை மட்டும் நம்பினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

முகில் அறையில் என்ன சிக்கல்? செய்முறை எளிது. கண்ணாடித் தொட்டியின் மேல்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஃபெல்ட் துணி, அடியில் கறுப்புத் தகடு, அதன் கீழே மைனஸ் 78 டிகிரி உலர்பனி. பத்து இருபது நிமிடத்தில் தடங்கள் தெரியத் தொடங்கும். பக்கத்தில் காந்தம் வைத்தால், 0.1 டெஸ்லா புலத்தில் 300 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பாசிட்ரான் சுமார் 2 செ.மீ. ஆரத்தில் வளையும். ஆனால் எதிர்த்திசையில் வரும் எலக்ட்ரானும் அச்சு அசலாக அதே வளைவைத்தான் போடும். துகள் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தடம் சொல்வதில்லை. ஆண்டர்சன் இதற்காகத்தான் அறையின் குறுக்கே 6 மி.மீ. ஈயத் தகடு வைத்தார். 63 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்டோடு நுழைந்த துகள் 23ஆகக் குறைந்து வெளியே வந்தது. குறைந்த பக்கம் அதிகம் வளையும், ஆகவே திசை தெரிந்தது. அவருடைய காந்தம் 1.5 டெஸ்லா. கடையில் வாங்கும் நியோடிமியம் காந்தத்தின் புலமோ சில செ.மீ. தள்ளிப்போனாலே சரிந்துவிடும். போதாக்குறைக்கு, குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்கள் காற்றிலேயே மோதி மோதி நெளியும். அந்த நெளிவைக் காந்த வளைவு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

சோடியம்-22இல் இந்தக் குழப்பம் இல்லை. சிதைவுகளில் சுமார் 90 விழுக்காடு பாசிட்ரான் வழி, கூடவே 1275 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா ஒன்று. ஒரு மைக்ரோ கியூரி சோர்ஸ் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 33,000 பாசிட்ரான்கள். அரை ஆயுள் 2.6 ஆண்டு என்பதால் சோர்ஸ் மேல் எழுதிய தேதியை முதலில் பாருங்கள். 13 வருடம் பீரோவில் கிடந்தது என்றால் 32இல் ஒரு பங்குதான் மிச்சம். சீலிட்ட வட்டைச் சாமணத்தால் எடுக்க வேண்டும், பிரிக்கக் கூடாது.

வட்டின் இருபுறமும் 1 மி.மீ. அலுமினியத் தகடு வையுங்கள். அதிகபட்ச ஆற்றலான 546 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பாசிட்ரான்கூட அலுமினியத்தில் 0.7 மி.மீ. அளவில் நின்றுவிடும். தகடு இல்லாவிட்டால் சில பாசிட்ரான்கள் வட்டின் மெல்லிய ஜன்னல் வழியே தப்பி வேறெங்கோ அழியும், கோண அளவீடு கெடும். 5 செ.மீ. விட்டமுள்ள இரண்டு சோடியம் அயோடைடு டிடெக்டர்களை வட்டிலிருந்து 25 செ.மீ. தொலைவில் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றை 180 டிகிரியிலிருந்து மெல்ல நகர்த்தினால் உடனிகழ்வு (இரண்டு டிடெக்டரிலும் ஒரே நேரத்தில் பதிவாவது) எண்ணிக்கை சடசடவென்று விழும். ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் மறைந்து, எலக்ட்ரான் நிறைக்குச் சமமான 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா இரண்டு எதிரெதிர்த் திசையில் போனதற்கு இதுவே சான்று.

தவறுகள் வழக்கமாக மூன்று இடத்தில் வரும். அளவுத்திருத்தத்துக்கே 511 உச்சியைப் பயன்படுத்திவிட்டு, பிறகு “எலக்ட்ரான் நிறை 511 வந்தது” என்று எழுதுவது முதல் தவறு. சீசியம்-137இன் 662, கோபால்ட்-60இன் 1173, 1332 கோடுகளை வைத்துத் திருத்துங்கள். வோல்ட்டேஜ் நழுவும் என்பதால் முடிவில் மறுபடியும் சரிபாருங்கள். இரண்டாவது, 90 டிகிரியிலும் எண்ணிக்கை பூஜ்யம் ஆவதில்லையே என்ற திகைப்பு. 1275 காமா ஒரு டிடெக்டரில் காம்ப்டன் சிதறலாகி (ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் விட்டுச்சென்று), நாம் எண்ணும் 511 ஆற்றல் சாளரத்துக்குள் விழுந்தால் அதுவும் உண்மையான உடனிகழ்வே. தற்செயல் உடனிகழ்வு வேறு: இரண்டு கவுண்ட் வீதங்களையும் பெருக்கி, பல்ஸ் அகலத்தின் இரு மடங்கால் பெருக்குங்கள். இரண்டிலும் நொடிக்கு 1000, அகலம் 1 மைக்ரோ நொடி என்றால் நொடிக்கு 2 வரும். மூன்றாவது, கோண வளைகோட்டின் அகலத்தை எலக்ட்ரானின் உந்தம் என்று விளக்குவது. சுமார் 11 டிகிரி அகலம் டிடெக்டரின் முகப்பு தரும் வடிவியல்தான். உந்தத்தால் வரும் உண்மை விலகல் ஒரு டிகிரிக்கும் கீழே, இந்த அமைப்பில் அது தெரியாது.

செர்ன் தரவுக்குக் கணினியும் பைத்தானும் போதும். செர்னின் சிஎம்எஸ் சோதனைக்குழு வெளியிட்ட இரு-மியூவான் கோப்பில் (மியூவான் எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்; நேர் மின்னூட்டம் கொண்டது அதன் எதிர்த்துகள்) ஒவ்வொரு வரியிலும் இரண்டு மியூவான்களின் ஆற்றல், உந்தக் கூறுகள், மின்னூட்டம் இருக்கும். ஆற்றல்களின் கூட்டுத்தொகையின் வர்க்கத்திலிருந்து உந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் நிறை. எதிர்க்குறி ஜோடிகளில் 3.1, 9.5, 91 கிகா எலக்ட்ரான்வோல்ட் அருகே உச்சிகள் எழும். ஒரே குறி ஜோடிகளில் எழாது. அந்த இரண்டாவது வரைபடத்தை வரையாமல் விட்டால் ப்ராஜெக்ட்டில் எதிர்ப்பொருளே இல்லை, வெறும் உச்சிதான். அச்சை மடக்கை அளவில் வையுங்கள். நேரியல் அச்சில் 3.1 உச்சி ஓரத்தில் ஒடுங்கிவிடும். அதன் அகலத்திலிருந்து ஆயுளைக் கணக்கிடாதீர்கள்: இயல்பு அகலம் சுமார் 93 கிலோ எலக்ட்ரான்வோல்ட்தான், நீங்கள் காண்பது டிடெக்டரின் பிரிதிறன்.

இங்கே முகில் அறையின் திசைச் சிக்கலும் இல்லை. துகள்கள் மோதல் புள்ளியிலிருந்தே கிளம்புகின்றன, புலம் 3.8 டெஸ்லா. ஆனால் மின்னூட்டக் குறியை முடிவு செய்தது வேறு யாரோ. உங்களுக்கு வருவது கோப்பில் ஒரு +1.

மேலே போக நினைப்பவருக்கும் சோடியம்-22தான் வசதி. 1275 காமாவைத் தொடக்கமாகவும் 511ஐ முடிவாகவும் வைத்துக் காலம் அளந்தால் பாசிட்ரானின் ஆயுள் கிடைக்கும்: அலுமினியத்தில் சுமார் 160 பிகோ நொடி, அணு இடம் காலியான குறைகளில் அதைவிட நீளம். இதற்குச் சோடியம் அயோடைடின் வேகம் பற்றாது. பேரியம் ஃபுளோரைடு அல்லது வேகமான பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் வேண்டும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகக் குறைகளை ஆராய இதே பாசிட்ரான் அழிவு முறையைத்தான் கையாள்கிறார்கள்.