கிரெய்க்ஸ்லிஸ்ட் ரிவ்யூ: ஒண்ணுமே இல்லாத சைட்டும் ஜர்னலிசம் ஸ்கூலுக்குப் போன 2 கோடி டாலரும்

அமெரிக்கால ரூம் தேடுறவங்க, பழைய சோஃபா, சைக்கிள், கார்னு அலையுறவங்க பெரும்பாலும் ஒரு தடவையாவது கிரெய்க்ஸ்லிஸ்ட்டுக்குள்ள (வாங்க, விக்க, வாடகைக்குன்னு ஜனங்களே விளம்பரம் போடுற சைட்) போய்ட்டுத்தான் வந்திருப்பாங்க. திறந்தா வெள்ளைப் பக்கம், நீல எழுத்துல லிங்க், அவ்ளோதான். பேனர் விளம்பரம் கிடையாது, தானா ஓடுற வீடியோ கிடையாது, நாம தேடாத எதையும் கொண்டு வந்து முன்னாடி நீட்டாது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். மெதுவான நெட்லயும் சட்டுனு திறக்கும், வேணுங்கிறத பாத்தோமா மெயில் போட்டோமா வெளிய வந்தோமான்னு முடிஞ்சிடும்.

பெரும்பாலான விளம்பரம் போட காசே கிடையாது. வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க கிட்ட ஊரப் பொறுத்து 10ல இருந்து 75 டாலர் வாங்குறாங்க, கார் விக்க 5 டாலர், இப்படி சிலதுக்கு மட்டும்தான் கட்டணம். 1995ல சான் பிரான்சிஸ்கோல கிரெய்க் நியூமார்க்னு ஒரு ப்ரோக்ராமர் நண்பர்களுக்கு ஊர்ல நடக்குற நிகழ்ச்சிகள மெயில்ல அனுப்ப ஆரம்பிச்சதுதான் இவ்ளோ பெருசாச்சு. 90கள் கடைசில இன்டர்நெட் கம்பெனிகள்ல பணம் கொட்டின டாட்காம் அலை அடிச்சப்போ இத வச்சு பெருசா சம்பாதிக்கலாம்னு அவர்கிட்ட சொன்னவங்க இருந்தாங்க, அவர் வேணாம்னுட்டார். 2000ல ஜிம் பக்மாஸ்டர்ங்கிறவர சிஇஓ ஆக்கிட்டு நியூமார்க் பல வருஷம் அதே கம்பெனில கஸ்டமர் சர்வீஸ் பாத்துட்டிருந்தார், மோசடி விளம்பரத்த தூக்குறது, புகாருக்கு பதில் போடுறதுன்னு. ஓனர் அந்த சீட்ல உக்காந்திருந்ததாலதான் சைட்டும் இன்னிக்கு வரைக்கும் இவ்ளோ சிக்கனமா இருக்குன்னு நான் நம்புறேன்.

ஆனா இந்த இலவசத்துக்கு வேற ஒருத்தர் விலை குடுத்தாங்க. அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு 2000ல வரி விளம்பரத்துல மட்டும் 1,900 கோடி டாலருக்கு மேல வருமானம், ரிப்போர்ட்டர் சம்பளத்துக்கும் அங்கருந்து பணம் வந்துச்சு. வாடகைக்கு, விற்பனைக்கு, ஆட்கள் தேவைன்னு வர்ற அந்தக் குட்டிக் குட்டி விளம்பரமெல்லாம் ஆன்லைனுக்குப் போனதும் பத்திரிகை ஆபீஸ்ல ஆள் குறைப்பு ஆரம்பிச்சது. ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஜூன்னு ரெண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு, 2000ல இருந்து 2007 வரைக்கும் கிரெய்க்ஸ்லிஸ்ட்டால மக்கள் விளம்பரச் செலவுல மிச்சம் பிடிச்சது 500 கோடி டாலர்னு சொன்னாங்க. நமக்கு அது மிச்சம், பத்திரிகைக்கு அது நஷ்டம். பத்திரிகை விழுந்ததுக்கு தன் சைட்தான் காரணம்ங்கிறத நியூமார்க் ஒத்துக்கல, இன்டர்நெட்டுக்கு முன்னாடியே சர்க்குலேஷன் இறங்க ஆரம்பிச்சிடுச்சுங்கிறது அவர் பக்கம். அதுலயும் நியாயம் இருக்கு.

அதனாலதான் 2018ல அவர் நியூயார்க் சிட்டி யுனிவர்சிட்டியோட ஜர்னலிசம் ஸ்கூலுக்கு 2 கோடி டாலர் குடுத்தார்னு வந்தப்போ நிறைய பேருக்கு ஆச்சரியம். இப்போ ஸ்கூல் பேரே கிரெய்க் நியூமார்க் கிராஜுவேட் ஸ்கூல் ஆஃப் ஜர்னலிசம். அது 2006ல ஆரம்பிச்ச அரசு யுனிவர்சிட்டி ஸ்கூல், இருக்கிறது நின்னு போன ஹெரால்ட் டிரிப்யூன் பத்திரிகையோட பழைய கட்டடத்துல, பக்கத்துலயே நியூயார்க் டைம்ஸ் ஆபீஸ். பேரு வாங்கணும்னா பிரபல தனியார் யுனிவர்சிட்டியான கொலம்பியாவுக்கு மட்டும் குடுத்திருக்கலாம் (அங்கயும் பத்திரிகை அறம், பாதுகாப்புக்கான மையம் ஆரம்பிக்க 1 கோடி டாலர் குடுத்திருக்கார்), ஆனா பெரிய தொகை சாதாரண வீட்டுப் பிள்ளைங்க நிறைய படிக்கிற அரசு ஸ்கூலுக்குப் போச்சு பாருங்க, அதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமா இருக்கு. நம்பகமான பத்திரிகைதான் ஜனநாயகத்தோட நோய் எதிர்ப்பு சக்தின்னு அவர் திரும்பத் திரும்ப சொல்வார், ஸ்கூல்ல வாத்தியார் கிட்ட கத்துக்கிட்டதுன்னு.

இந்தப் பணத்தால மூடின பத்திரிகை திறக்காது, வேலை போன ரிப்போர்ட்டருக்கு வேலை வராது, அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா இந்த மாதிரி உதவியால கடன் வாங்காம படிச்சு வர்ற பொண்ணு சம்பளம் கம்மியான உள்ளூர் பத்திரிகைல தைரியமா சேர முடியும், அது சின்ன விஷயமில்ல.

சைட்டுக்கு வர்றேன். குறைன்னா, விளம்பரம் போடுறது யாருன்னு தெரியாது, ரேட்டிங் கிடையாது, அதனால மோசடி இருக்கத்தான் செய்யும். வீட்ட நேர்ல பாக்காம டெபாசிட் அனுப்பாதீங்க, வாடகை ஊர் விலைய விட ரொம்பக் கம்மியா இருந்தா சந்தேகப்படுங்க, பொருள் வாங்க ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு வரச் சொல்லுங்க. ஆப் ரொம்ப லேட்டா 2019லதான் வந்தது, எனக்கு இப்பவும் பிரவுசர்தான் வசதி.

அப்புறம் நியூயார்க்ல ஜர்னலிசம் படிக்கணும்னு யாராவது யோசிச்சா அந்த ஸ்கூல்ல கண்டிப்பா விசாரிங்க. 2024ல அவர் இன்னும் 1 கோடி டாலர் குடுத்திருக்கார், 2027க்குள்ள எல்லா மாணவர்களுக்கும் ஃபீஸ் இல்லாம ஆக்கணும்ங்கிறதுதான் அப்போ அவங்க வெச்ச இலக்கு.